எல்லாப் பாஷைக்கும் ஒரு எடிட்டர்

படித்த பிள்ளைகள் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டிருக்கிற ஆபிஸில் தேத்தண்ணி ஊற்றுகிற வேலை இருக்கிறதே, ஆறின கோப்பையைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும்.

உள்ளே இருக்கிற ஆட்கள்

எங்கள் ஆபிஸில் இரண்டு பேர். காத்தான்குடி ரிஸ்னா, வவுணதீவுச் சுதன். கம்ப்யூட்டருக்குச் சொல்லவேண்டியதை எழுதுகிற எடிட்டர் ஒன்று செய்கிறார்கள். கம்ப்யூட்டருக்குப் பல பாஷையாம். எதில் எழுதினாலும் இதற்குள்ளேயே எழுதலாமாம், பிழை விட்டால் அடியில் சிவப்புக் கோடு விழுமாம்.

"அத்தனை பாஷையும் உனக்குத் தெரியுமா மகள்?" என்று கேட்டேன்.

"இல்ல மாமி. ஒவ்வொரு பாஷைக்கும் அது தெரிஞ்ச ஒரு ஆள உள்ளுக்க வெச்சிரிக்கம். எடிட்டர் அவருக்கிட்டக் கேட்டுச் சொல்லும்," என்றாள் ரிஸ்னா.

நான் எட்டிப் பார்த்தேன். சுதன் சிரித்தான்.

"அதுகளும் புரோகிராம்தான் மாமி, தேத்தண்ணி கேக்காது."

முதல் வாடிக்கை

பெரியகல்லாற்றில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிற வாத்தியார் ஒருவர்தான் முதல் வாடிக்கை, சேர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வேண்டாமென்றால் எடிட்டர் வேலையையே நிறுத்துவதென்று முதலாளி சொல்லிவிட்டார். சேர் தன் வகுப்பு மிஷின் ஒன்றை இடுப்பில் கட்டுகிற சாரத்தால் சுற்றி ஓட்டோவில் கொண்டுவந்தார். என் வயதில் பாதியாவது இருக்கும் அதற்கு.

ரிஸ்னாவும் சுதனும் தங்கள் புது லெப்டொப்பில் மட்டுமே ஓட்டிப் பார்த்திருந்தார்கள். பழசில் திறந்ததும் உள்ளே இருந்த ஆட்கள் அத்தனை பேரும் ஒரேயடியாக எழும்பிவிட்டார்கள், மிஷின் அசையவில்லை. சேர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தார்.

"தங்கச்சி, இந்த நேரத்துக்கு நான் தோணியில ஆத்தக் கடந்து கிறுகித் திரும்பியும் வந்திருப்பன்."

பழசோடு பட்ட பாடு

சேர் மிஷினை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். சுதனுக்கு முகம் விழுந்துவிட்டது. "புது மிஷின் வாங்கச் சொல்லுவம்," என்றான்.

"அதுவரைக்கும் அந்த வகுப்புப் புள்ளைகள் படிக்காம இரிக்கவா?" என்று ரிஸ்னா லெப்டொப் இரண்டையும் மூடி வைத்தாள். பிறகு வேலை முழுக்க அந்தப் பழசில்தான். நோன்பு மாதம் வேறு. அவள் பச்சைத் தண்ணியும் பல்லில் படாமல் இருக்க, சுதன் என் குசினிக்குள் ஒளித்து வந்து தேத்தண்ணி குடிப்பான். கடைசியில் அவளே வழி கண்டாள்: திறக்கும்போது ஒருவரையும் எழுப்புவதில்லை, எந்தப் பாஷையில் எழுதுகிறோமோ அந்த ஆளை மட்டும் எழுப்புவது.

சேர் வந்தார். எடிட்டர் டக்கென்று திறந்தது. எழுத எழுதக் கூடவே ஓடியது. வேண்டுமென்றே ஒரு அடைப்புக்குறியைப் போடாமல் விட்டுப் பார்த்தார், சிவப்புக் கோடு விழுந்தது. சேர் மிஷினைச் சுற்றச் சாரத்தை விரித்தார்.

"தம்பி, ஓட்டோவக் கூப்பிடுங்க. பின்னேர வகுப்புக்கே இதப் போடணும்."

புது லெப்டொப் இரண்டும் தூசி பிடித்துக் கிடக்க, எடிட்டரை ஓட்டிப் பார்க்கச் சேருடையதைவிடப் பழைய மிஷின் எங்கே கிடைக்குமென்று பழைய சாமான் கடை கடையாக விசாரித்துத் திரிகிறார்கள் எங்கள் கெட்டிக்காரர்கள்.