பீக்கர் அண்ணன் தேடிய மென்பொருள்

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் பீக்கர் அண்ணன். கண்ணாடிச் சாமான்களைக் கழுவி, துடைத்து, உடையாமல் அலமாரியில் அடுக்கி வைக்கும் உதவியாளர் வேலை. ஆள் பரம சாது. ஆனால் ஒரு விஷயத்தைக் கையில் எடுத்துவிட்டால் உடும்புப் பிடிதான்.

அப்படி அவர் கடைசியாகப் பிடித்துக்கொண்டது மென்பொருளை. அதுவும் ஆய்வறிக்கைக்குப் படம் வரைகிற மென்பொருள். கணினியைத் திறக்கவும் மூடவும் மட்டுமே தெரிந்த மனிதர், போகிற வருகிற மாணவர்களையெல்லாம் நிறுத்தி, "தம்பி, நீ எதுல படம் போடுற?" என்று கேட்க ஆரம்பித்தார். அண்ணனுக்கு என்ன ஆச்சு என்று பையன்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். விஷயம் தெரிந்த பிறகு ஒருவனும் சிரிக்கவில்லை.

விஷயம் அவருடைய மகள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். சிறு வயதில் பண்ணிய அட்டகாசம் அப்படி. அதே கல்லூரியில் அதே துறையில் படித்தாள். செய்முறை வகுப்பு முடிந்தால் அறிக்கை எழுத வேண்டும், கருவிகளை எப்படிப் பொருத்தினோம் என்று படமும் வரைய வேண்டும். பென்சிலால் வரைந்தாலும் சரி, கணினியில் வரைந்தாலும் சரி, வரைவது மாணவராக இருக்க வேண்டும். எங்கிருந்தாவது எடுத்து ஒட்டினால் அறிக்கை திரும்பி வந்துவிடும். முதலாம் ஆண்டில் வாலு வரைந்த குடுவைகளைப் பார்த்து அப்பாவே அசந்துபோனார். இரண்டாம் ஆண்டில் கோடுகள் கோணத் தொடங்கின. பிறகு பென்சிலே விரலில் நிற்கவில்லை.

தசைகள் வலுவிழக்கும் நோய் என்றார் மருத்துவர். "மெதுவாத்தான் குறையும். ஆனா குறைஞ்சது திரும்பி வராது" என்றும் சொன்னார். மனைவி அந்த இடத்திலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பீக்கர் அண்ணனின் காதில் 'மெதுவா' என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. அதைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

"பென்சில் போனா போகுது விடு. கம்ப்யூட்டர்ல வரைஞ்சா ஜம்முனு இருக்கும்" என்றார் மகளிடம்.

முதலில் கிடைத்தது பொறியியல் படிக்கிறவர்கள் வரைபடம் போடுகிற மென்பொருள். ஒரு வட்டக் குடுவை வரைவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. அடுத்தது எளிது: குடுவை, விளக்கு, தாங்கி எல்லாம் ஓரத்தில் ஆயத்தமாக இருக்கும்; பிடித்து இழுத்து வந்து தாளில் வைத்தால் போதும். மகள் சில மாதம் அதில் வரைந்தாள். அப்புறம் மவுஸை அழுத்திக்கொண்டே இழுக்க விரல் ஒத்துழைக்கவில்லை. பாதி வழியில் விரல் தளரும். குடுவை நடுத்தாளில் அநாதையாக விழுந்து கிடக்கும்.

"சனியன், இது சரியில்ல. வேற பாக்கலாம்" என்றார் அப்பா.

"ஆமாப்பா, சுத்தக் குப்பை" என்றாள் மகள்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. சூடான அடுப்பிலிருந்து பாத்திரம் எடுக்கிற தடித்த கையுறைகளை மாட்டிக்கொண்டு ஆய்வகக் கணினி முன் உட்கார்ந்தார். அந்தக் கையுறையோடு அவரால் ஒரு படத்தை முடிக்க முடிந்தால் மகளாலும் முடியும் என்பது அவர் கணக்கு. மதிய இடைவேளையில் சாப்பாட்டை ஓரம் தள்ளிவிட்டு, கரடிக் கைகளோடு மவுஸை உருட்டிக்கொண்டிருப்பார். வியர்த்து ஊற்றும். ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்தார். ஒன்றில் பொத்தான்கள் கடுகு மாதிரி இருந்தன. இன்னொன்றில் எழுத்தைத் தட்டினால் படம் தானாக வந்தது, ஆனால் கட்டங்களும் அம்புக்குறிகளும்தான் வந்தன, குடுவை வரவில்லை. பாவம், அவர் கணக்கில் ஒரு பிழை இருந்தது. கையுறையைக் கழற்றினால் அவர் கை பழைய கை ஆகிவிடும்.

மனைவி ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஏங்க, அதை மாத்தி மாத்தி என்னங்க ஆகப்போகுது?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று எரிந்து விழுந்தார். எரிந்து விழுகிற ஆளே இல்லை அவர். மகள் படம் வரைகிறவரை நோய் வாசலோடு நிற்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையில் யார் கைவைத்தாலும் அவருக்குப் பொறுக்கவில்லை.

இறுதியாண்டு அறிக்கையில் ஒரே ஒரு படம் பாக்கி இருந்தது: திரவத்தைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்து இறக்குகிற அமைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா முகமெல்லாம் பல்லாக ஒரு புது மென்பொருளைத் திறந்து வைத்தார்.

"மவுஸே வேண்டாம் வாலு. எல்லாம் கீபோர்டுதான். நானே கிளவுஸ் போட்டு முழுப் படமும் போட்டுப் பாத்துட்டேன்."

மகள் குடுவையைத் தேர்ந்தெடுத்து, அதை நகர்த்த அம்புக்குறி விசையில் விரலை வைத்தாள். குடுவை நகர்ந்தது. நகர்ந்துகொண்டே இருந்தது. அழுத்திய விரலை அவளால் தூக்க முடியவில்லை. குடுவை தாளைக் கடந்து, திரையின் ஓரத்தையும் கடந்து போய்விட்டது.

"எங்கடி ஓடுது அது?" என்று சிரித்தார் அப்பா. அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும், அவள் விரலை விசையிலிருந்து மெல்ல எடுத்துவிட்டார். "இதுவும் சரியில்ல. வேற ஒண்ணு..."

"அப்பா, சாஃப்ட்வேர் நல்லாத்தான் இருக்கு. எல்லாமே நல்லாத்தான்ப்பா இருந்துச்சு."

"நீதானே குப்பைன்னு சொன்ன?"

"அப்படிச் சொன்னா உங்க மூஞ்சி கொஞ்சம் தெளியும். அதான் சொன்னேன்."

அவர் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"நீங்க வரைங்கப்பா. எது எங்க வரணும்னு நான் சொல்றேன். மேடம்கிட்ட கேட்டுட்டேன். வேற ஆள் வரைஞ்சதுன்னு அடியில எழுதிட்டா போதும்னாங்க."

"எப்போ கேட்ட?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "போன வருஷமே."

அன்றிலிருந்து அவர் கொண்டுவந்த ஒவ்வொன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு கற்றிருக்கிறாள். விரல் வலிக்க, தோள் வலிக்க, தேவையே இல்லாமல். தான் அவளுக்காகத் தேடுவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவள் அவருக்காக வரைந்துகொண்டிருந்திருக்கிறாள். சமையலறையில் மனைவி குழாயை மூடிவிட்டுச் சத்தமில்லாமல் நிற்பது தெரிந்தது. அவளுக்கும் இது முன்பே தெரிந்திருக்கும்.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "சொல்லும்மா."

"குடுவையை இடது பக்கம் வைங்க. இன்னும் கீழ. அதுக்கு மேல தெர்மாமீட்டர். இப்போ குளிர்விக்கிற குழாய், சாய்வா."

எத்தனையோ தடவை அந்தக் குழாயைக் கழுவித் துடைத்திருக்கிறார். எது எதற்குப் பக்கத்தில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இருந்தாலும் அவள் வாயிலிருந்து வருகிறவரை காத்திருந்து, வந்த பிறகே வைத்தார். கடைசியாகத் தண்ணீர் போகும் கோடு. மவுஸைப் பிடித்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் இழுத்தார்.

"எவ்ளோ நேரா வந்திருக்கு பாருங்கப்பா!" என்றாள் மகள், உண்மையான சந்தோஷத்தோடு.

அவர் தலையாட்டினார். தன் கை இவ்வளவு திடமாக இருக்கிறதே என்று வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்கு அழுகை வந்தது.