அகன்ற நெற்றி

கரையான்சாவடியில் பஸ் மாற இறங்கியவன், மழைக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஒதுங்கி நிற்கிறேன். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்துக்காக ஒரு பெண் விளக்கின் முன் உட்கார்ந்திருக்கிறாள்.

"நெத்தி ஏறிக்கீது. டச்சிங்ல முடி வரைஞ்சிடு நைனா," என்று ஸ்டுடியோக்காரரிடம் சொல்கிறாள் அவள் அம்மா.

அரசாங்க அடையாள அட்டைப் படத்தில் காது தெரியவேண்டும் என்பது விதி. கல்யாணப் படத்தில் நெற்றி தெரியக்கூடாது போலும்.

"ஐந்நூறு வருஷம் முன்னாடி இத்தாலி ஓவியங்கள்ல அழகின்னா இந்த நெத்திதாம்மா. இதுக்காகவே அங்கே பொம்பளைங்க முன்முடியைப் பிடுங்கிக்கிட்டாங்க," என்கிறேன்.

பெண் சிரிக்கிறாள். "மாப்ள இத்தாலி இல்ல சார், பக்கத்துல பாரிவாக்கம்."

மழைச் சத்தத்தில் எனக்குக் கண் சொக்குகிறது. அவள் நெற்றியில் வெளிச்சம் பால்போலப் படர்ந்திருக்கிறது; பழைய ஓவியத்தின் பின்னணிபோலச் சுவர் மெல்லக் கரைகிறது, அம்மாவும்தான். படம் எடுக்கும் நேரத்தில் அவள் முன்முடியைப் பின்னால் தள்ளிவிடுகிறாள்.

"ஒண்ணும் வரையாத அண்ணாத்தே. வர்றவன் பாத்துட்டே வரட்டும்."