கிருத்திகையன்று வந்த மீன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் எங்கள் பனியன் கம்பெனிக்கு ஊர் சுற்றும் ஆள் நான்தான். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். திருப்பூரில் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் ஓடிய நாலைந்து மெஷின்கள்தான் அது. உற்பத்தி அண்ணன், விற்பனை நான். பெண் பார்த்துப் பார்த்து அலுத்து, என் கல்யாணப் பேச்சை வீட்டில் எப்போதோ மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். முன்னறையில் எனக்கு ஒரு கட்டில் இருந்தது. அண்ணனும் நானும் பேசாமல் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு டஜன் கணக்கிலேயே நடக்கும். கை வைத்த பனியன் இத்தனை டஜன், கை இல்லாதது இத்தனை டஜன், அவ்வளவுதான்.

மாதம் ஒருமுறை நாகர்கோவில், குளச்சல் பக்கம் போவேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. லாட்ஜ் அறையில் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டு கிடப்பது எனக்குப் பிடிக்காது. அதுவும் ஓடாத விசிறி. அப்படி ஒரு ஞாயிறு பஸ் ஏறி முட்டத்துக்குப் போனவன், பாறைகளில் கடல் மோதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். கிணற்றையும் வாய்க்காலையும் பார்த்து வளர்ந்தவனுக்கு அது போதாதா? கரையில் வள்ளத்தைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவரிடம், "ஏனுங்க, என்னைய ஒருக்கா கடலுக்குக் கூட்டீட்டுப் போவீங்களா? தூண்டில் போட்டுப் பாக்கோணும்" என்றேன்.

அவர் சிரித்தார். என் 'ங்க' அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "ஞாயித்துக்கெழம நாங்க தொழிலுக்குப் போவ மாட்டோம் அண்ணாச்சி. கோயில் நாள்" என்றார். பிறகு சற்று யோசித்து, "உங்களுக்கு இது தொழில் இல்லையே, வெளையாட்டுதானே? நான் துடுப்பு போடுதேன். ஆனா தூண்டிலத் தொட மாட்டேன், மீனையும் தொட மாட்டேன்" என்றார்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இரண்டு வருஷம் விடவில்லை. மாதம் ஒரு ஞாயிறு, அவர் மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் வள்ளம் கிளம்பும். பாறைகளை ஒட்டி, அலை தூக்கி அடிக்காத தூரத்தில் அவர் வள்ளத்தைப் பிடித்து நிறுத்துவார். நான் சாளை மீன் துண்டைக் கொக்கியில் குத்தி நைலான் நரம்பை இறக்குவேன். விரல் அறுபடாமலிருக்க எங்கள் கட்டிங் வேஸ்ட் துணியைக் கையில் சுற்றிக்கொள்வேன். திருப்பூரில் இதைச் சொன்னபோது, "கெடைக்கிற மீன வித்தா பஸ் காசுக்காச்சும் ஆகுமா?" என்று அண்ணன் கேட்டார். இல்லை என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெரும்பாலும் உள்ளங்கை நீளத்துக்குத்தான் அகப்படும். ஒரு ஞாயிறு மட்டும் நரம்பு கையோடு வள்ளத்தின் விளிம்புக்கு என்னை இழுத்தது. "கலவாவாக்கும்! பாறைக்குள்ள போவ விட்டுராதிய, போச்சுன்னா வராது!" என்று வள்ளக்காரர் கத்தினார். கலவா பாறை இடுக்கில் குடியிருக்கும் மீன். உள்ளே புகுந்து செவுளை விரித்துக்கொண்டால் கொக்கி நமக்குத் திரும்பாது. அவருக்குக் கை பரபரத்தது எனக்குத் தெரிந்தது. இரண்டு முறை எழுந்து, இரண்டு முறையும் உட்கார்ந்து துடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஞாயிறு ஆயிற்றே. நான் ஒருவனாகத்தான் இழுக்க வேண்டியிருந்தது. துணி கிழிந்தது, உள்ளங்கை கிழிந்தது. கடைசியில் பழுப்பு உடம்பும் கரும்புள்ளியுமாக, என் கை நீளத்துக்கு ஒரு மீன் என் மடியில் வந்து விழுந்தது. நாற்பது வயதில் வாய்விட்டுக் கத்தினேன்.

கரைக்கு வந்ததும் அவர் மனைவி, பிள்ளைகள், பக்கத்து வீட்டார் எல்லோரும் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒரு சின்னப் பெண் அதன் பக்கத்தில் படுத்து உயரம் பார்த்தாள். எங்கே கடித்தது, எப்படி இழுத்தேன் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அப்போதுதான் எனக்கு அந்த ஆசை வந்தது. இதை எங்கள் வீட்டில் பார்க்க வேண்டும். ஒரே ஒரு முறை அண்ணன் இப்படிக் குனிந்து பார்த்துக் கேட்க வேண்டும். மீனை வள்ளக்காரர் வீட்டுக்கே கொடுத்துவிடுகிற என் வழக்கத்தை அன்று அவரே தடுத்தார். "இது வீட்டுக்குப் போவ வேண்டிய மீன். மீன் தல, வீட்டுல மூத்தவருக்கு. மறந்துராதிய."

ஐஸ் வாங்கி, சாம்பிள் கொண்டுபோன மரப்பெட்டியில் உப்பும் வேஸ்ட் துணியுமாக அடைத்து, மூன்று பஸ் மாறினேன். ஒவ்வொரு கண்டக்டரும் சண்டைக்கு வந்தார். எல்லோரிடமும் கெஞ்சினேன். வழியெல்லாம் அண்ணனிடம் எதை முதலில் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

காலையில் வீட்டு வாசலில் பெரிய கோலம். ஈரத் தலையோடு நங்கை நின்றிருந்தார். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம். பெட்டியிலிருந்து சொட்டிய தண்ணீரை மோந்தவர் இரண்டடி பின்னால் போனார்.

"ஏனுங்க கொழுந்தனாரே, மீனுங்களா? இன்னைக்குக் கிருத்திகைங்க!"

ஊரூராய்த் திரிகிறவனுக்குக் கிழமை தெரியும், நட்சத்திரம் எங்கே தெரியும்? நானும் முருகனுக்கு விரதம் இருக்கிறவன்தான். சுத்தமாக மறந்திருந்தேன்.

"உள்ள வேண்டாங்க, சும்மா தொறந்து மட்டும் காட்டறனுங்க" என்றேன்.

"அய்யோ, மூடி வைங்க. உங்கண்ணன் பூசையில இருக்கறாருங்க."

நங்கைமேல் தப்பில்லை. யாருக்காவது கொடுக்கலாம் என்றால் தெரு முழுக்கக் கோலம், தெரு முழுக்க விரதம். ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. பின்பக்கம் போய்த் தென்னைக்கு அடியில் மண்வெட்டியால் குழி தோண்டினேன். உள்ளங்கைக் காயம் திரும்பவும் திறந்துகொண்டது. மூடியைத் திறந்து நான் மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தேன். கண் மங்கியிருந்தாலும் புள்ளிகள் அப்படியே இருந்தன. மண்ணைத் தள்ளி மூடினேன். அழுகை வந்தது. மெஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று அழுதேன்.

பூசை முடிந்து நெற்றி நிறைய விபூதியோடு அண்ணன் வந்தார். "குளச்சல்காரன் கை வெச்சது எத்தன டஜன் சொன்னான்?" என்றார். சொன்னேன். கையில் சுற்றியிருந்த துணியை அவர் பார்த்த மாதிரி இருந்தது. பார்க்கவில்லை.

அடுத்த மாதம் வள்ளம் பாறையை நெருங்குவதற்கு முன்பே வள்ளக்காரர் ஆரம்பித்துவிட்டார். மாதம் முழுக்க அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி கேட்டார்.

"வீட்டுல என்ன சொன்னாவ அண்ணாச்சி? கொழம்பு எப்பிடி?"

"நங்கை புளி ஊத்தி வெச்சாங்க. தெருவே மணத்துதுங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் நிறுத்த முடியவில்லை. பிள்ளைகள் பக்கத்தில் படுத்து உயரம் பார்த்ததைச் சொன்னேன், அக்கம்பக்கத்தார் கிண்ணத்தோடு வந்ததைச் சொன்னேன்.

"தல?"

"அண்ணனுக்குங்க."

"ருசி பாத்துட்டு என்ன சொன்னாரு?"

நரம்பை இறக்கிக்கொண்டே யோசித்தேன். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"'நீயாடா புடிச்சே?'ன்னு கேட்டாருங்க" என்றேன்.

வள்ளக்காரர் வாய்கொள்ளாமல் சிரித்தார். நான் மீன் கடிக்கிறதா என்று பார்க்கிறவன் மாதிரி தண்ணீர்ப் பக்கம் குனிந்துகொண்டேன்.