வெள்ளையடித்த குகை

ஜோவிதாவுக்குக் கல்லூரியில் ‘வவ்வால் மேடம்’ என்று பெயர். குரோம்பேட்டைப் பக்கம் விலங்கியல் எடுக்கிறாள். மே மாதம் மற்ற ஆசிரியைகள் ஊட்டிக்குப் போவார்கள். இவள் மட்டும் இந்த வெயில் போதாதென்று ராஜஸ்தான் பாலைவனத்துக்கு மூட்டை கட்டுவாள். எதற்கென்று கேட்டால் வவ்வாலைப் பார்க்க என்பாள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

கட்டைவிரல் நீளம்தான் இருக்கும் அந்த வவ்வால். மூக்கின்மேல் மடித்த இலை மாதிரி ஒரு தோல். ஆய்வு மாணவியாக அலைந்த காலத்தில் ஒரு பாறைக் குகையில் அவற்றைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்து அவை குட்டி போடும் இடம் அது ஒன்றுதான். ஒரு தாய்க்கு வருடத்துக்கு ஒரே குட்டி.

குகைக்குப் பக்கத்தில் ஆடு மேய்க்கும் மாங்கிலால்தான் காவல். ஜோவிதா தீதி, அதாவது அக்கா, சொல்லிவிட்டாள் என்பதற்காக யாரையும் உள்ளே விடமாட்டான்.

மாமியார் படுத்த படுக்கையாக இருந்ததால் சில வருடங்களாக ஜோவிதாவால் பெருங்களத்தூர் வீட்டை விட்டு அவ்வளவு தூரம் போக முடியவில்லை. இந்த மே மாதம் டிக்கெட் எடுத்ததும் மாங்கிலாலுக்குப் போன் செய்தாள். “வாங்க தீதி, எல்லாம் தயாரா இருக்கும்” என்றான் இந்தியில். ரொட்டியும் மோரும்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

தாம்பரம் பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அவனிடமிருந்து வீடியோ கால் வந்தது. குகைச் சுவரெல்லாம் பளிச்சென்று சுண்ணாம்பு. வாசலில் சாமந்தி மாலை.

“போன தடவை புழுதியில அப்படி இருமினீங்களே, தீதி. மறப்பேனா? வேப்பிலைப் புகை போட்டு, ஊரே சேர்ந்து வெள்ளையடிச்சோம். வவ்வால் எல்லாம் வெளிய போயிருக்கு. புகை அடங்கினா வந்துடும்.”

விருந்தாளி வந்தால் வெள்ளையடிப்பது அந்த ஊர் வழக்கம். முதல் தடவை அவள் தங்கிய குடிசைக்கு அடித்தபோது நெகிழ்ந்துபோய்ப் போட்டோ எடுத்தவள்தான் இவள். இப்போது யாரைத் திட்டுவது?

“குட்டிங்க?” என்றாள்.

“கீழ விழுந்ததையெல்லாம் பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன்” என்று ஒரு கூடையைக் காட்டினான். வெயில் படாமல் துணி போட்டு மூடியிருந்தான். துணியை விலக்கியதும் ஒன்றிரண்டு மட்டும் அசைந்தன. “ஆட்டுப்பால் வெச்சேன், குடிக்க மாட்டேங்குது. நீங்க வந்தா குடிக்கும்.”

ரயில் போய்ச் சேரவே இரண்டு நாளாகும். அவன் பதிலுக்காகச் சிரித்த முகத்தோடு காத்திருந்தான்.

“குகை ரொம்ப அழகா இருக்கு, தம்பி” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்த கணவன் ஆபேல், “டிக்கெட்ட கேன்சல் பண்ணிடட்டுமா?” என்றான்.

“வேணாம். நான் போகலன்னா ஏன்னு கேப்பான். என்ன சொல்றது?”

ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்தவள் கைப்பையைத் திறந்து, குட்டிகளை எடை பார்க்க வைத்திருந்த சின்னத் தராசை எடுத்து ஜன்னல் வழியாக ஆபேலிடம் கொடுத்தாள்.