சேகரன் டாக்டர் என்னை அழைத்த வெள்ளிக்கிழமை

பாம்பூஃப்ளாட் பொதுமக்களின் மேலான கவனத்திற்கு: ஹோமியோபதி கிளினிக் படியில் நிரந்தரமாகக் குடியிருந்த பழுப்பு நாய், இன்று காலை முதல் எதிரே உள்ள செருப்புக்கடைக்கு இடம் மாறிவிட்டது.

இதை வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பப்போன நேரத்தில் அம்மா வந்து சொன்னார்: "சேகரன் டாக்டர் போயிட்டாருடா. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில." கிளினிக் நான்கு நாளாகப் பூட்டிக் கிடந்ததால்தான் நாய் கிளம்பியது என்று அப்போதுதான் உறைத்தது.

அவரிடம் மருந்து வாங்கியவர்களுக்காக எழுதுகிறேன். போன வருடம் எனக்குச் சிறுநீரகக் கல். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தேன். முதலில் படகில் அக்கரை போர்ட் பிளேருக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்கவைத்தார். கல் சின்னது. இனிப்பு உருண்டைகளோடு, விழும் கல்லைப் பிடிக்க ஒரு டீ வடிகட்டியும் கொடுத்தார். "பானி பியோ பேட்டா, நிறையத் தண்ணி குடி. என் மருந்துக்கும் தண்ணிக்கும் சண்டை வந்தா நானே தண்ணி பக்கம்தான்" என்றார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "வலியோட காய்ச்சல் வந்தா என் உருண்டையைத் தொடாதே. நேரா படகு ஏறு. அடைச்சுச் சீழ் பிடிச்சா ஆளையே முடிச்சிரும்."

பத்தாம் நாள் கல் விழுந்தது. அதை வீட்டில் வைத்துவிட்டு, கரையில் பொறுக்கிய நெல்லிக்காய் அளவு பவளத்துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். லென்ஸ் வைத்து நிதானமாகப் பார்த்தார். "அச்சா. இவ்ளோ பெரிய கல்லுக்குப் பத்தியம் பலமா இருக்கணும்." அம்மாவுக்குச் சீட்டு எழுதினார்: ஒரு மாதம் மீன் வறுவல் கூடாது.

அடுத்து ஒருநாள் போனில், "கிளினிக்குல ஆமை புகுந்திருச்சு, ஓடி வா" என்றார். ஓடினேன். ஆமை இல்லை, நிரப்ப வேண்டிய தண்ணீர் டிரம் இருந்தது. "டாக்டரோட மஸ்தி விளையாட்டெல்லாம் இனி என்கிட்ட நடக்காது" என்று பள்ளி முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

போன வெள்ளி மதியம் மறுபடி போன். கிளினிக்கின் பின்னறையில் தனியாக இருப்பவர். "டேய், எனக்கே இடுப்பு வலி. காய்ச்சலும் இருக்கு. படகு ஜெட்டி வரைக்கும் கையப் பிடிச்சுக் கூட்டிப் போறியா?"

"வேற ஆளப் பாருங்க டாக்டர். நான் உஷார்."

"சரிடா" என்று வைத்துவிட்டார். மறுநாள் காலை செருப்புக்கடைக்காரர்தான் அவரைப் படகேற்றியிருக்கிறார். அதற்குள் நினைவு தப்பிவிட்டதாம்.

விளையாட்டென்று நினைத்தேன் என்று சாவு வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். தட்டிக்கொடுத்தார்கள். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்த "சரிடா" மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை. காய்ச்சலை வைத்து அவர் விளையாடமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரியும். மைதானத்தில் இருந்தேன். அடுத்து பேட்டிங் எனக்கு.