அத்தையின் கார்ட்லெஸ் போனும் என் வைஃபையும்

எனக்குப் பொறாமை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். என் கணவரின் தம்பி மனைவி, என் ஓரகத்தி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். நாங்கள் கிள்ளானில், வரிசை வீட்டில். அத்தை, அதாவது என் மாமியார், பன்னிரண்டு வருடமாக எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு உப்பு குறைத்துச் சமைப்பது நான். கிளினிக்கில் நம்பர் எடுத்துவிட்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பது நான். அவர் மனசு விட்டுப் பேசுவது மட்டும் அவளோடு. வயிறு எரியாதா, சொல்லுங்கள்!

பேசுவதற்குப் போனையும் அவளே வாங்கிக் கொடுத்தாள். அமெரிக்காவில் இருக்கும் தன் தம்பியிடம் சொல்லி வரவழைத்த கார்ட்லெஸ் போன், தீபாவளிப் பரிசு. பெரிய பெரிய பொத்தான்கள், காதில் வைத்தால் குரல் கணீரென்று கேட்கும். அத்தைக்குக் கைப்பேசி ஒத்துவராது. தொட்டால் வேறெதுவோ திறந்துகொள்கிறது என்று அலுத்துப்போய்த் தள்ளி வைத்துவிடுவார். அதே தீபாவளிக்கு நான் ஒரு புடவை எடுத்துக் கொடுத்தேன். புடவை பீரோவுக்குள் போனது. போன் ஹாலில், டிவி மேசை மேல், வைஃபை பெட்டியை ஒட்டி ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

நான் மாடி அறையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். தினமும் நாலு மணிக்கு வகுப்பு. தீபாவளி முடிந்து சில வாரங்களில் வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம் ஆனால் படம் உறைய ஆரம்பித்தது. பாதி வார்த்தையில் என் வாய் திறந்தபடி நின்றுபோகுமாம். "டீச்சர் ஹேங் ஆயிட்டாங்க!" என்று பிள்ளைகளுக்குக் கும்மாளம். பெற்றோர்கள் வாட்ஸ்அப் குழுவில் சலித்துக்கொண்டார்கள். மழையைக் குறை சொன்னேன், பக்கத்து வீட்டைக் குறை சொன்னேன், லைன் கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் பெட்டியை அணைத்துப் போடலாம் என்று கீழே ஓடினேன். சோபாவில் அத்தை காலை நீட்டிக்கொண்டு, கார்ட்லெஸ் போனைக் காதில் வைத்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரிப்பைக் குறைத்து, "வச்சிர்றேன்மா, அப்புறம் பேசுறேன்" என்றார். நான் மேலே வந்தபோது வைஃபை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும். அன்றிலிருந்து கதவைத் திறக்காமலே எனக்குத் தெரியும். படம் உறைந்தால் பேசத் தொடங்கிவிட்டார்கள், படம் அசைந்தால் பேச்சு முடிந்தது. சில நாள் இருபது நிமிடம், சில நாள் முக்கால் மணி நேரம். பின்னம் சொல்லிக்கொடுக்கும்போது என் புத்தி கீழே ஹாலில் இருக்கும். அப்படி என்னதான் பேசுகிறார்கள்?

அது எனக்கு ஓரளவு தெரியவந்தது பிரிக்பீல்ட்ஸ் புடவைக் கடையில். உறவுக்காரக் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போன இடத்தில் ஓரகத்தியும் வந்திருந்தாள். ஒரு சேலையைத் தோளில் போட்டுப் பார்த்தபடியே, "அக்கா, அத்தைக்கு முட்டி வலி ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சாமே? படி ஏறவே முடியலன்னாங்க. உங்ககிட்ட சொல்லலியா?" என்றாள். கடைக்காரர் முன்னால் என் முகம் செத்துப்போனது. என் வீட்டில் இருக்கும் முட்டி வலி, பிரிக்பீல்ட்ஸைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து சேர்கிறது! தெரியும் என்று பொய் சொல்லிவிட்டு, எடுக்க நினைத்த சேலையை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் லைன் பார்க்க ஆள் வந்தார், ஐம்பது வயதிருக்கும் நம் ஆள். ஹாலில் நுழைந்ததும் போனைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"அக்கா, இந்தப் போனும் உங்க வைஃபையும் ஒரே அலைவரிசையில ஓடுது. ஒத்தையடிப் பாதையில ரெண்டு லோரி எதிரெதிரா வந்தா எப்படிலா போகும்?"

"அப்ப போனை எடுத்துடணுமாண்ணே?" என்றேன். குரலில் இருந்த ஆசையை அவர் கவனித்தாரோ என்னவோ.

"சேச்சே, எதுக்கு எடுக்கணும்? நான் வைஃபை சேனல மாத்தி விடுறேன். போனை அடுப்படிப் பக்கம் கொண்டு வச்சிருங்க. அஞ்சு நிமிஷ வேலை."

"வேணாம்ணே. இப்ப எதையும் மாத்தாதீங்க. நான் பாத்துக்கிறேன்" என்று அவரை அனுப்பிவிட்டேன். சாயங்காலம் அத்தையிடம் போய், "லைன்காரர் இந்தப் போன் வீட்டுல இருக்கவே கூடாதுன்னுட்டாரு அத்தை. பிள்ளைங்க படிப்பு கெடுது பாருங்க" என்றேன். அத்தை என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். சரிம்மா என்றார். போனைக் கழற்றி மாடி அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

வகுப்பு நாலு நாள் வெண்ணெயாக ஓடியது. ஐந்தாம் நாள் காலையில் அத்தை தன் துணிப்பையில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சின்னவன் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றார். எத்தனை நாள் என்றேன். தெரியவில்லை என்றார். பன்னிரண்டு வருடத்தில் அத்தை ஒரு ராத்திரிகூட அங்கே தங்கியதில்லை. இவர் திரும்பி வராமல் அங்கேயே இருந்துவிட்டால்?

"என்ன அத்தை திடீர்னு? நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

அத்தை மடித்த சேலையைப் பைக்குள் வைத்தார். "அந்த லைன்காரத் தம்பி போறப்ப, நான் வாசல்ல செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன். அடுப்படிப் பக்கம் மாத்தி வச்சா போதும்னு என்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனாரு."

வசமாக மாட்டிக்கொண்டேன்.

"அவகூட பேசாதீங்க, எனக்குப் புடிக்கலன்னு நேரா சொல்லியிருக்கலாம். எனக்குக் கோவம் வந்திருக்காது" என்றார்.

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம். எனக்கு வந்தது வேறு. "பின்ன என்ன அத்தை? பன்னெண்டு வருஷமா கூடவே இருக்கேன், உங்க முட்டி வலிய நான் அவ வாயால கேக்கணுமா? என்கிட்ட ஏன் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறீங்க?" என்று கத்தினேன்.

"எப்ப சொல்ல?" என்றார் அத்தை. அவர் கத்தவில்லை. "காலையில நீ ஓட்டமா ஓடுற. மத்தியானம் அசந்து படுத்துர்ற. சாயங்காலம்தான் நேரம்னு டீ போட்டு எடுத்துக்கிட்டு மாடிக்கு வந்தேன், நாலு மணிக்கு. கதவு சாத்தியிருந்துச்சு. தட்டினேன். 'அத்தை, கிளாஸ்'னு கையக் காட்டின. மறுநாளும் வந்தேன், மறுநாளும் கையக் காட்டின. இந்த முட்டிய வச்சுக்கிட்டு எத்தனை தடவ ஏறுறது? அதுக்கப்புறம்தான் கீழ உக்காந்து அவளுக்குப் போன் போட ஆரம்பிச்சேன்."

அந்தக் கையைக் காட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், உள்ளங்கையை மட்டும் கதவுப் பக்கம் நீட்டினேன். என் வகுப்பைக் கெடுக்கவே அந்த நேரமாகப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று இத்தனை நாள் கறுவிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தை அவளுக்குத் தூக்கிக் கொடுத்தவளே நான்தான். அழுகை முட்டியது. அப்போதும் பாழாய்ப்போன பொறாமை அடங்கவில்லை.

மதியம் கொழுந்தனாரும் ஓரகத்தியும் காரில் வந்தார்கள். அவள் அத்தையின் கையைப் பிடித்துப் பதமாக வாசல் படி இறக்கினாள். "நீங்க கவலப்படாதீங்கக்கா, நான் நல்லா பாத்துக்கிறேன்" என்றாள். பார்த்துக்கொள்கிறாளாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டேன்.

அதன்பின் வைஃபை ஒரு நொடி நிற்கவில்லை. "டீச்சர், இப்பெல்லாம் நீங்க ஹேங் ஆகவே மாட்டேங்கிறீங்க" என்று ஒரு பிள்ளை ஏமாற்றத்தோடு சொன்னது. கீழே ஹால் காலியாகக் கிடந்தது. ஒரு வாரம் தாங்கினேன். எட்டாம் நாள் வகுப்பைப் பாதியில் முடித்துவிட்டு, போனை அலமாரியிலிருந்து எடுத்து, அடுப்படிப் பக்கம் கொண்டுபோய்ப் பொருத்தி, பிரிக்பீல்ட்ஸுக்கு அடித்தேன். ஓரகத்தி எடுத்து அத்தையிடம் கொடுத்தாள்.

"என்னம்மா, இன்னைக்கு கிளாஸ் இல்லியா?"

"முடிச்சிட்டேன் அத்தை. முட்டி எப்படி இருக்கு?"

"இருக்கு. இங்க லிஃப்ட் இருக்குல்ல."

"பொய் சொன்னது தப்புதான் அத்தை. கிளாஸ ராத்திரி ஏழு மணிக்கு மாத்திர்றேன். நாளைக்கு வந்து உங்கள கூட்டிட்டு வந்திர்றேன்."

பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. "இன்னும் ஒரு மாசம் இருந்துட்டு வரேன்னு சொல்லுங்கத்தை!" எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை சுட்டது.

"நீ வா" என்றார் அத்தை. "கூட்டிட்டுப் போக வராத. வந்து என்கூட உக்காந்து பேசிட்டுப் போ. மத்தத அப்புறம் பாக்கலாம்."

சரி அத்தை என்றேன். மறுநாள் வகுப்பு இல்லை என்று பெற்றோர்களுக்குச் செய்தி அனுப்பினேன். நான் போகும் நேரத்தில் ஓரகத்தி எங்காவது கடைக்குப் போயிருக்க வேண்டும் என்று அப்போதும் வேண்டிக்கொண்டேன்.