பலாப்பழத்தின் மேல் விழுந்த டேப்லெட்

இன்று புதூர்நாடு மலையிலிருந்து ஷேர் ஜீப்பில் கீழே வரும்போது, டேப்லெட்டில் ஒரு விண்வெளிப் படக்கதை படித்துக்கொண்டு வந்தேன். அதில் கேப்டன் தன் டேப்லெட்டாலேயே வேற்றுக்கிரகவாசியை அடித்து வீழ்த்திவிட்டு, அதிலேயே வழியும் பார்க்கிறார்.

சிரிப்புத் தாங்காமல் பக்கத்து அக்காவிடம் காட்டினேன்.

"அது இன்னா கம்பெனிங்க?" என்றார்.

அடுத்த வளைவில் ஜீப் குலுங்கியது. என் டேப்லெட் நழுவி, அவர் காலடியில் இருந்த பலாப்பழத்தின் மேல் விழுந்தது. திரையின் குறுக்கே நீளமாக ஒரு விரிசல்.

அக்கா பதறிக் குனிந்து, பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லவேள, பழத்துக்கு ஒண்ணும் ஆவல. மக வூட்டுக்கு எடுத்துனு போறேன்."

பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "ஒங்களுது இன்னும் எரியுதுங்களா?"

எரிந்தது. கேப்டன்தான் இரண்டு துண்டாகத் தெரிந்தார்.

நண்பர்களே, பலாமுள்ளைத் தாங்கும் டேப்லெட் எந்த நூற்றாண்டில் வரும்?